எந்த எண்ணெய் என்று சொல்லவில்லை

எண்ணெயால் முகத்தைச் சுத்தம் செய்யலாம் என்ற செய்தி ஒருவழியாகத் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்துவிட்டது. சென்ற மாதம் வேங்கிக்காலில் புதிதாகத் திறந்த ஒரு பார்லருக்குப் போயிருந்தேன். கண்ணாடிப் பாட்டில், அழுத்தினால் ஒரு சொட்டு மட்டும் விடும் மூடி, லேபிளில் நம் ஊரில் பூக்காத ஒரு பூ. அங்கே வேலை செய்யும் பெண் என்னிடம், "மேம், இது ஆயில் கிளென்சர். சென்சிடிவ் ஸ்கின்னுக்கு ரொம்ப நல்லது. இப்பதான் புதுசா கண்டுபிடிச்சிருக்காங்க" என்றாள். நான் வியந்து கேட்டுக்கொண்டேன். வியப்பது எனக்கு நன்றாக வரும். இருபத்தெட்டு வருடம் வாடிக்கையாளர்கள் சொன்ன வயதைக் கேட்டு வியந்த பழக்கம்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். புருவம் திருத்துவதும் முடி வெட்டுவதும் உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் ஃபோனில் வீடியோ இருக்கிறது. அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். என் தப்பு ஒன்றை மட்டும் சொல்கிறேன். அப்படி ஒரு தப்பைச் செய்ய முறையான பயிற்சி வேண்டும். எனக்கு அது இருந்தது.

1990-இல் வேலூரில் ஆறு மாதம் அழகுக்கலை படித்தேன். எங்களுக்குப் பாடம் எடுத்த அம்மாள் டாக்டர்களைப் போல வெள்ளைக் கோட்டு போட்டிருப்பார். அவர் சொல்லித்தந்த பல விஷயங்கள் மறந்துவிட்டன. தினமும் காலையிலும் மாலையிலும் சொன்ன ஒன்று மட்டும் மறக்கவில்லை: "முகத்துக்கு எண்ணெய்தான் எதிரி." பரு வந்தால் எண்ணெய். கறுத்தால் எண்ணெய். கல்யாணம் தள்ளிப்போனால்கூட அவர் எண்ணெயைத்தான் சந்தேகப்பட்டிருப்பார். கீச்சென்று சத்தம் வரும் வரை முகத்தைக் கழுவினால்தான் சுத்தம் என்பது அவர் கணக்கு. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் கழுவி, விரலால் தேய்த்துக் கீச்சென்று சத்தம் வருகிறதா என்று காதை வைத்துக் கேட்டோம். வந்தது. எண்ணெய்ச் சட்டியைத் தேய்த்தாலும் வரும் என்று யாரும் சொல்லவில்லை.

சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்து, போளூர் ரோட்டில் ஒரு மாடி அறையில் பார்லர் திறந்தேன். சுற்றுவட்டாரம் முழுக்க வேர்க்கடலை விளைகிற ஊர். வெள்ளிக்கிழமை தவறாமல் பெண்கள் தலையிலிருந்து கால் வரை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற ஊர். அங்கே உட்கார்ந்துகொண்டு எண்ணெய்க்கு எதிராகப் பிரசாரம் செய்தேன். ஒரு பள்ளித் தலைமை ஆசிரியை முடி வெட்டிக்கொள்ள வருவார். ஐம்பதைத் தாண்டிய முகம், கன்னத்தில் ஒரு சுருக்கம் இல்லை. தினமும் பள்ளிவிட்டு வந்ததும் நாலு சொட்டு எண்ணெயைத் தடவி, ஈரத் துணியால் துடைத்து எடுப்பாராம். சோப்பே கிடையாதாம். அது எவ்வளவு பெரிய தவறு என்று அவருக்குக் கால் மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். ஆசிரியை அல்லவா, இப்படிப்பட்டதைக் கேட்டுப் பழகியவர்.

என்னிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குவேன். தேதி, தோலின் தன்மை, பூசியது, துடைத்தது, மறுநாள் நிலை என்று ஐந்து கட்டம். ஸ்கேல் வைத்துக் கோடு போடுவேன். கட்டத்தை நிரப்பாமல் ஒரு நாளும் கடையைப் பூட்டியதில்லை. இதைப் பார்த்துவிட்டுப் பலர் என்னைப் புகழ்ந்திருக்கிறார்கள். நானும் நம்பினேன்.

இனி மல்லிகாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2002-ஆம் வருடம் என்று நோட்டில் இருக்கிறது. அப்போது ஊரில் ஒரு லோக்கல் கேபிள் டிவி நடந்தது. மாட வீதியில் ஒரு மொட்டைமாடிக்குக் கீழே இருந்த ஒற்றை அறைதான் ஸ்டுடியோ. பின்னால் நீலத் திரை, முன்னால் இரண்டு பெரிய விளக்குகள். மின்விசிறி உண்டு, ஆனால் மைக்கில் சத்தம் வரும் என்று போடமாட்டார்கள். அதில் செய்தி படித்தவள்தான் மல்லிகா. கீழ்பென்னாத்தூர் பக்கம் விவசாயக் குடும்பம். எம்.ஏ. தமிழ். கணீரென்ற குரல். தாளைப் பார்க்காமல் ஒரு மணி நேரம் பேசுவாள். அவள் அப்பாவுக்கு மகள் டிவியில் முகம் காட்டுவது பிடிக்கவில்லை. நாலு மாதம் சண்டை போட்டு, கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்திருந்தார்கள். தீபத் திருவிழா பத்து நாளும் அவள் நேரலையில் பேசுவாள். பத்தாம் நாள் அப்பா ஊரிலிருந்து வந்து, சித்தி வீட்டு டிவியில் பார்ப்பார். பார்த்துவிட்டு, தொடரலாமா, மூட்டை கட்டலாமா என்று முடிவு சொல்வார். மூட்டை கட்டினால் அதோடு வீடுதான்.

அவளுக்கு ஒப்பனை போட என்னைக் கூப்பிட்டார் கேபிள்காரர். சஃபாரி சட்டை, கையில் எப்போதும் இரண்டு ரிமோட். "மேடம், பத்து நாளும் ஒப்பனைன்னு உங்க பார்லர் பேரை கீழ ஓட விடுறேன். ஊரே பாக்கும்" என்றார். என் பெயர் திரையின் அடியில் வலமிருந்து இடமாக ஓடும் என்ற நினைப்பே எனக்குப் போதுமானதாக இருந்தது.

மல்லிகாவின் தோல் மெல்லியது. கிள்ளினால் சிவக்கும், கிள்ளாமலும் சிவக்கும். நோட்டில் 'மிகவும் மென்மையான தோல்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன். அதன்பின் கொடியேற்றத்தன்று சாயங்காலம் அந்தத் தோலின் மேல் டிவிக்குப் போடும் கெட்டியான பேன்ஸ்டிக் ஒப்பனையைச் சுவருக்குப் பூசுவதுபோலப் பூசினேன். இரண்டு விளக்கின் சூட்டில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தாள். முடிந்ததும் நுரை பொங்கும் ஃபேஸ் வாஷை வைத்து மூன்று முறை கழுவி, போகாத இடத்தில் ஸ்க்ரப் போட்டுத் தேய்த்து, ஸ்பிரிட் கலந்த டோனரால் துடைத்து எடுத்தேன். கீச்சென்று சத்தம் வந்தது.

"அக்கா, லேசா எரியுது."

"சுத்தம் ஆவுதுன்னு அர்த்தம்" என்றேன்.

நோட்டு சொல்வது இதுதான். முதல் நாள்: லேசான சிவப்பு. இரண்டாம் நாள்: சிவப்பு, எரிச்சல். மூன்றாம் நாள்: கன்னத்தில் தோல் உரிகிறது, சிரித்தால் வலி. மூன்று நாளும் துடைத்தது என்ற கட்டத்தில் ஒரே பதில். உரிந்த இடம் திரையில் தெரியாமலிருக்க மேலும் ஒரு பூச்சு, அதை எடுக்க மேலும் ஒரு கழுவல். எல்லாவற்றையும் சரியாக எழுதியிருக்கிறேன். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. படித்துப் பார்க்கத்தான் இல்லை.

நாலாம் நாள் காலையில் அவளைத் தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். வயதானவர், பேச்சில் கருணையைச் சேர்த்துக்கொள்ளாதவர். விளக்கை அவள் கன்னத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"யாரு பண்ணது இது?"

"நான்தான் சார். பியூட்டிஷியன்."

"நல்ல வேலை. பாத்திரம் தேய்க்கவும் போவீங்களா?"

அவர் என்னென்ன பூசினேன், எதனால் எடுத்தேன் என்று கேட்டார். நோட்டைத் திறந்து வாசித்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "இவ்ளோ தெளிவா எழுதிட்டு, தெனம் அதையேதான் செஞ்சிருக்கீங்க" என்றார். "அந்தப் பூச்சே எண்ணெய்ல குழைச்சது. எண்ணெய்லதான் கரையும். சோப்பு போட்டா அது போவாது, இந்தப் பொண்ணோட தோல்தான் போவும். மருந்துக் கடையில வாசனை இல்லாத லிக்விட் பாரஃபின் கிடைக்கும். காதுக்குப் பின்னால ஒரு சொட்டு தடவி ஒரு நாள் பாருங்க. ஒண்ணும் ஆவலைன்னா அதைக் கையில ஊத்தி, அழுத்தாம முகத்துல தடவுங்க. கரைஞ்சதும் வெதுவெதுப்பான தண்ணியில பிழிஞ்ச பழைய வேட்டித் துணியால ஒத்தி எடுங்க. தேய்க்காதீங்க. சத்தம் வர வேணாம்."

சத்தம் வர வேண்டாம் என்றதும் வேலூர்ச் சான்றிதழின் கண்ணாடி எனக்குள் உடைந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் நான் நினைத்தது, எண்ணெய் தடவி இவளுக்குப் பரு வந்தால் யார் பதில் சொல்வது என்பது. அவ்வளவு நல்ல பயிற்சி எனக்கு.

இரண்டு நாள் ஒப்பனையே வேண்டாம் என்றும் டாக்டர் சொன்னார். மல்லிகா ஒப்புக்கொள்ளவில்லை. "ஒரு நாள் வரலைன்னாலும் அவரு மச்சான் பொண்ண உக்கார வச்சுடுவாரு சார்" என்றாள். கேபிள்காரருக்கு ஒரு மைத்துனர், மைத்துனருக்கு ஒரு மகள், அவளுக்கு ஏழு பட்டுப்புடவை. தயாராகக் காத்திருந்தாள். ஆகவே பூச்சைப் பாதியாகக் குறைத்தேன். ஒரு விளக்கைத் தள்ளி வைக்கச் சொன்னேன். காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு தடவி, அன்று மட்டும் வெறும் தண்ணீரில் ஒத்தி எடுத்தேன்; மறுநாள் அங்கே ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாம் நாள் முதல் எண்ணெய்.

எங்கே வைத்துத் துடைப்பது என்பதுதான் பிரச்சினை. மல்லிகா தங்கியிருந்த சித்தி வீட்டில் சித்தப்பா ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார். பாட்டிலைப் பார்த்ததுமே சித்தி வாசலில் வழிமறித்தாள்.

"இன்னாடி இது, எண்ணெயா? வீட்ல சாமி இருக்காரு, மாலை போட்டிருக்காரு. விரதம் முடியுற வரைக்கும் இந்த வீட்ல யாரும் எண்ணெய் தேய்க்கக் கூடாது."

"மூஞ்சியைத்தான் துடைக்கிறேன் சித்தி."

"மூஞ்சி உன் தலைல தானடி இருக்குது?"

பாட்டிலைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஸ்டுடியோவிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று கேபிள்காரரிடம் கேட்டேன். "எண்ணெய்ப் பாட்டிலா? வேணாம் மேடம். பிசுக்கு லென்ஸ்ல ஏறிச்சுன்னா காமிரா காலி" என்றார். அவர் அதைச் சொன்னபோது அவருக்குப் பின்னால் சுவரோரமாக இருபது அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. திருவிழா நேரலைக்கு விளம்பரம் கொடுத்த ஒரு தீப எண்ணெய்க் கம்பெனியின் பாட்டில்கள். மஞ்சள் நிறம், மல்லிகைப்பூ வாசம், ஐந்து வகை எண்ணெய் கலந்தது. விளக்குக்கு ஊற்றுவது. விளம்பரம் கொடுத்தவரின் எண்ணெயில் பிசுக்கு இருக்காது போலும்.

முடிவில் பாட்டிலை என் பார்லரிலேயே வைத்தேன். நிகழ்ச்சி முடிந்ததும் மல்லிகா ஆட்டோவில் போளூர் ரோட்டுக்கு வருவாள், நான் துடைத்து அனுப்புவேன். கையில் எண்ணெயை ஊற்றி அவள் கன்னத்தில் தடவியபோது, பேன்ஸ்டிக் வெயிலில் வைத்த வெல்லம்போல இளகி விரலோடு வந்தது. அவள் கண்ணை மூடியிருந்தாள். "எரியலக்கா" என்றாள், ஏதோ நான் பரிசு கொடுத்ததுபோல. ஐந்தாம் நாள்: சிவப்பு கம்மி. ஆறாம் நாள்: உரிவது நின்றது. இந்த முறை எழுதியதைப் படித்தும் பார்த்தேன். பெருமையாக இருந்தது. பெருமை வந்தால் அடுத்த நாள் என்ன ஆகும் என்று இத்தனை வருடத்தில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஏழாம் நாள் தேர். மதியமே போய் ஒப்பனை போட்டுவிட்டு, பார்லருக்குத் திரும்பிவிட்டேன். வெளியூர்ப் பெண்கள் வரிசையில் காத்திருந்தார்கள். பெரிய தேர் நிலையை விட்டுக் கிளம்பியதும் மாட வீதிக்குப் போகும் எல்லா வழியையும் போலீஸ் தடுப்பு வைத்து அடைத்துவிட்டார்கள். நான் உள்ளே போக முடியாது, மல்லிகா வெளியே வர முடியாது. நிகழ்ச்சி முடிந்த நேரத்தில் ஸ்டுடியோவுக்கு ஃபோன் போட்டேன். கேபிள்காரர் எடுத்தார். பின்னால் மேளமும் கூட்டமும்.

"சார், மல்லிகா கிட்ட சொல்லுங்க. எண்ணெயைக் கையில ஊத்தி, அழுத்தாம, ரெண்டு நிமிஷம் தடவட்டும். அப்புறம் வெந்நீர்ல பிழிஞ்ச துணியால ஒத்தி எடுக்கட்டும். துணி பழைய வேட்டியா இருக்கணும், துண்டு வேணாம். மூணு தடவை. சோப்பு கூடவே கூடாது. சொல்லிடுறீங்களா?"

"சொல்லிடுறேன் மேடம். எண்ணெய்தான? அதை நான் பாத்துக்குறேன்."

எவ்வளவு நேரம், எத்தனை முறை, எந்தத் துணி, என்ன சூடு, எல்லாம் சொன்னேன். எந்த எண்ணெய் என்று மட்டும் சொல்லவில்லை. எனக்கு எண்ணெய் என்றால் அது அலமாரியில் நீல மூடி போட்ட பாட்டில். ஊருக்கும் அது அப்படித்தான், கேபிள்காரர் மருந்துக் கடைக்கு ஆள் அனுப்பி அதையே வாங்குவார் என்று நினைத்துக்கொண்டேன். ஃபோனை வைத்துவிட்டு நோட்டில், 'ஏழாம் நாள். எண்ணெயால் சுத்தம் செய்யத் தகவல் தரப்பட்டது' என்று எழுதினேன். அரசாங்க அலுவலகத்தில்கூட அவ்வளவு அழகாக எழுதமாட்டார்கள்.

மறுநாள் காலையில் பார்லர் திறக்கும்போது மல்லிகா படியில் உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். எடுத்தாள். கண்ணிமை இரண்டும் வீங்கி, கண் பாதிதான் திறந்தது. கன்னம் முழுக்கத் தடிப்பு. பக்கத்தில் போனதும் மல்லிகைப்பூ வாசம் அடித்தது.

"என்ன எண்ணெய் தடவின?"

"நீங்க சொன்ன எண்ணெய்தான். சார் ஒரு பெட்டியைப் பிரிச்சு, ஸ்பான்சர் எண்ணெயே எடுத்துக் குடுத்தாரு. நல்லா தடவும்மான்னு. மேடம் எண்ணெய்னுதான் சொன்னாங்கன்னாரு." பிறகு சொன்னாள்: "வாசனை வந்தப்பவே தோணுச்சு. ஆனா நீங்க எல்லாத்தையும் அளந்து சொல்றவங்களாச்சே, தப்பா சொல்வீங்களான்னு தடவிட்டேன்."

டாக்டரிடம் போனோம். அவர் பார்த்துவிட்டுக் கேட்டார், "இது இன்னா எண்ணெய்?"

"தீப எண்ணெய் சார்."

"நல்லவேளை, திரி போடல."

மிச்சமிருக்கும் எண்ணெயையும் அதே பாரஃபினால் மெதுவாக எடுத்துவிட்டு, அவர் எழுதிக்கொடுத்த மருந்தைத் தவிர இரண்டு நாளைக்கு முகத்தில் எதுவும் படக் கூடாது என்றார். எதுவும் என்றால் எதுவும். பவுடர்கூட. இந்த முறை எதுவும் என்றால் என்னென்ன என்று கேட்டு எழுதிக்கொண்டேன்.

பார்லருக்குத் திரும்பியபோது கேபிள்காரர் வாசலில் நின்றிருந்தார். மல்லிகாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சரி மேடம், ஆனது ஆச்சு. ரெண்டு கோட்டு ஜாஸ்தியா அடிச்சு விடுங்க. டிவியில இன்னா தெரியப் போவுது?"

"முடியாது சார். டாக்டர் சொல்லிட்டாரு."

"அப்ப மச்சான் பொண்ணு உக்காரட்டும். அவளுக்கு வந்து மேக்கப் போடுங்க."

மல்லிகா என் கையைப் பிடித்தாள். "போடுங்கக்கா. எனக்குத்தான் போடுங்க. எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போவட்டும். இன்னும் மூணு நாள். நாளன்னிக்கு எங்கப்பா வர்றாரு. நான் அங்க இல்லைன்னா, மூஞ்சி கெட்டதும் தூக்கிப் போட்டுட்டாங்க பாருன்னு ஒரு வார்த்தைல முடிச்சுடுவாரு."

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்தச் சிவப்பை மறைக்க எனக்குத் தெரியும். பச்சைச் சாயம் கலந்த ஒரு அடிப்பூச்சு, மேலே இரண்டு பூச்சு, மூன்று மணி நேரத்துக்கு யாருக்கும் தெரியாது. முதலாளி கேட்கிறார், வாடிக்கையாளரே கையைப் பிடித்துக் கேட்கிறாள், என் பெயர் திரையில் ஓடுகிறது. தப்பு என்னுடையது, மறைத்தால் அதுவும் மறையும். வேண்டாம் என்று சொல்ல ஒரே ஒருவர்தான் இருந்தார், அவரும் க்ளினிக்கில் அடுத்த நோயாளியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"மாட்டேன்" என்றேன்.

"உங்க தப்புக்கு நான் வீட்ல போய் உக்காரணுமா?" என்றாள் மல்லிகா. அவள் என்னிடம் குரலை உயர்த்தியது அன்றுதான். "உங்க நோட்ல எழுதிக்கோங்க. மல்லிகா ஊருக்குப் போறா. நேரம், பஸ் நம்பர் எல்லாம் போட்டு அழகா எழுதிக்கோங்க."

நோட்டை எடுத்து அவள் பக்கத்தைத் திறந்து, முதல் மூன்று நாளை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். லேசான சிவப்பு. சிவப்பு, எரிச்சல். தோல் உரிகிறது. "மூணு நாளும் நீ எரியுதுன்னு சொன்ன. நான் எழுதிட்டு, திரும்பவும் பூசினேன். இன்னிக்கும் பூசினா நாலாவது தடவை. எட்டாம் நாளைச் சமாளிச்சுடலாம். பத்தாம் நாள் உனக்கு முகமே இருக்காது. இன்னிக்கு ஒண்ணும் போடலைன்னா பத்தாம் நாளுக்கு ஒரு வழி இருக்குது."

"இன்னிக்கும் நாளைக்கும்?" என்றாள்.

கேள்வியை வேறு பக்கம் திருப்பும் அளவுக்கு வாழ்க்கையில் அடிபட்டிருந்தேன். கேபிள்காரரைக் கேட்டேன்: "சார், இன்னிக்கு சாயந்தரம் சாமி வலம் வர்றப்போ ரெண்டு மணி நேரம் தாளைப் பார்க்காம பேசணுமே. உங்க மச்சான் பொண்ணு எந்த சாமி, எந்த வாகனம், பின்னால யாரு வர்றாங்கன்னு சொல்லுமா?"

அவர் இரண்டு ரிமோட்டையும் ஒரே கைக்கு மாற்றினார். யோசிக்கிறார் என்று பொருள். "அது நல்லா சிரிக்கும்" என்றார்.

"அப்ப அது சிரிக்கட்டும். மல்லிகா பின்னால உக்காந்து பேசட்டும்."

"மூஞ்சி ஒருத்தி, குரல் ஒருத்தியா? இது இன்னா மேடம், டப்பிங் படமா?"

"சாமி வந்ததும் காமிரா சாமி மேலதான சார் இருக்கும்."

அவருக்கு அது பிடித்துவிட்டது, தன்னுடைய யோசனையாகத் தோன்றும் அளவுக்கு. ஆனால் சொன்ன வேலையைச் செய்யாததற்குத் தண்டனை வேண்டுமல்லவா? அன்று முதல் என் பார்லர் பெயர் ஓடவில்லை. அந்த இடத்தில் ஒரு லாட்ஜின் பெயர் ஓடியது. மைத்துனர் மகளுக்கு அவர்கள் வீட்டிலேயே ஒப்பனை போட்டு அனுப்பினார்கள். எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் அவள் 'வணக்கம்' என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். திரைக்குப் பின்னால், முகத்தில் மருந்து மட்டும் தடவிய மல்லிகா பேசினாள். நான் இரண்டு நாளும் ஒரு வேலையும் இல்லாமல் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன், யாரும் எதையும் எடுத்து அவள் முகத்தில் தடவாமல் பார்த்துக்கொள்ள. அதுவும் ஒரு வேலை. பாடத்திட்டத்தில் இல்லை.

பத்தாம் நாள் காலையில் டாக்டரிடம் காட்டினோம்; வீக்கம் இல்லை. கன்னத்தில் இரண்டு இடத்தில் கறுத்த தழும்பு, மற்றபடி தோல் அமைதியாக இருந்தது. பாரஃபினை ஊற்றித் தடவி, மருந்தையும் ஊர்ப் புழுதியையும் ஒத்தி எடுத்தேன். குங்குமம்கூட வைக்கவில்லை, ஒரு சின்ன ஸ்டிக்கர் பொட்டு மட்டும், அதையும் பசை சேருகிறதா என்று கையில் ஒட்டிப் பார்த்தபிறகு. மகாதீபம் பார்க்கக் குடும்பத்தோடு போக வேண்டும் என்று மைத்துனர் மகள் அன்று வரவில்லை. மலை நன்றாகத் தெரியும் என்று மொட்டைமாடியிலேயே காமிராவை வைத்திருந்தார்கள். விளக்கு வேண்டாம், சாயங்கால வெளிச்சமே போதும் என்றார் காமிராக்காரர்.

ஐந்து மணிக்கு மல்லிகா காமிராவுக்கு முன்னால் நின்றாள். கழுவின முகம். தழும்பு தழும்பாகவே தெரிந்தது. கேபிள்காரர் என்னிடம், "இன்னா மேடம், வீட்லருந்து தண்ணி எடுக்க வந்த பொண்ணாட்டம் கீது" என்று முணுமுணுத்தார். அவள் பேச ஆரம்பித்தாள். ஆறு மணிக்கு மலை உச்சியில் சுடர் தெரிந்ததும் கீழே தெருத்தெருவாக ஒரே குரலாக எழுந்தது. அவளும் கையெடுத்துக் கும்பிட்டு ஒரு நிமிடம் பேசாமல் நின்றாள். கேபிள்காரர் ரிமோட்டோடு கும்பிட்டார்.

எல்லாம் முடிந்து கீழே இறங்கியபோது, படிக்கட்டின் அடியில் ஒருவர் நின்றிருந்தார். தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை. மல்லிகா படியிலேயே நின்றுவிட்டாள்.

"அப்பா."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். நானே முந்திக்கொண்டேன்: "ஐயா, நான்தான் மேக்கப் போடுறவ. மூஞ்சி அப்படி ஆனதுக்கு நான்தான் காரணம். அவ மேல தப்பு இல்ல. டிவியில ரொம்ப அசிங்கமா தெரிஞ்சுதா?"

"மூஞ்சியா?" என்றார் அவர், நான் என்னமோ வேற்று மொழியில் பேசியதுபோல. "ஜோதி ஏத்துற நேரத்துல எவம்மா மூஞ்சியைப் பாப்பான்? மலையைப் பாத்துன்னு இருந்தோம். தெரு சனமெல்லாம் இவ சித்தி வீட்லதான் இருந்துச்சு. இவ பேசாம நின்ன அந்த ஒரு நிமிஷம், இன்னாடா குரல் நின்னுடுச்சுன்னு எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க."

பிறகு மகளிடம் திரும்பினார். "நாளைலருந்து தெப்பமாமே. மூணு நாளாமே."

"ஆமாம்பா."

"அதை யாரு சொல்றது?"

"நான்தாம்பா."

"அப்ப அது முடிஞ்சு வந்து கூட்டினு போறேன்" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். தெப்பம் முடிந்தபின் வரவில்லை. நிலத்தில் வேலை என்று சொல்லி அனுப்பினார். அடுத்த மாதமும் நிலத்தில் வேலை இருந்தது. அதன்பிறகு மல்லிகா அங்கே ஆறு வருடம் செய்தி படித்தாள், பாதிப் பூச்சோடு. இப்போதும் நான் எதையாவது மொட்டையாகச் சொன்னால், "எந்த எண்ணெய்க்கா?" என்று கேட்பாள்.

அன்று பார்லருக்கு வந்து நோட்டை எடுத்தேன். துடைத்தது என்ற கட்டத்தில், 'லிக்விட் பாரஃபின், வாசனை இல்லாதது, மருந்துக் கடைப் பாட்டில், நீல மூடி, இரண்டாம் அலமாரி, இடது ஓரம்' என்று எழுதினேன். இடம் போதாமல் கோட்டைத் தாண்டியது. அந்த நோட்டில் கோடு தாண்டிய கட்டம் அது ஒன்றுதான். பிறகு கடைசிக் கட்டம். மறுநாள் வரை காத்திருக்கவில்லை, அப்போதே நிரப்பினேன்:

'முகத்தின் நிலை: நன்று. பார்த்தவர்: டாக்டர், நான். வேறு யாரும் இல்லை.'